பற்றின்மையும் ஈடுபாடின்மையும்

ஆங்கிலத்தில் டிஸ்இன்டரஸ்டெட், அன்இன்டரஸ்டெட் என்று இரண்டு பெயரடைகள் இருக்கின்றன. ஒரு காரியத்தில் தனக்கென்று லாபமோ நஷ்டமோ இல்லாதவன் முதல் சொல்லுக்கு உரியவன். அந்தக் காரியத்தில் கவனமே இல்லாதவன் இரண்டாவது சொல்லுக்கு உரியவன். வழக்கை விசாரிக்கும் நீதிபதி முதல் வகையாக இருந்தாக வேண்டும். இரண்டாம் வகையாக இருந்தால் வாதம் நடக்கும்போது தூங்கிவிடுவார். ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவனுக்கு இது ஒரு மார்க் கேள்வி. தமிழில் விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது அவ்வளவு சின்ன விஷயமில்லை. இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதன் பலனை நாம் இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் அபிப்ராயம்.

குழப்பம் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி ஒருவன், எழுதியவர் வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் பார்க்காமல், எது தேறுகிறது எது தேறவில்லை என்று எழுதினால், 'இவனுக்குக் கவிதையில் ஈடுபாடே கிடையாது, ஈரமில்லாத ஆசாமி' என்று தீர்ப்பாகிவிடுகிறது. இது முதல் வழி. இரண்டாவது வழி இன்னும் சௌகரியமானது. தொகுதி வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், 'நான் எந்தக் கோஷ்டியிலும் சேருவதில்லை, அதனால்தான் எழுதவில்லை' என்கிறார்கள். புத்தகத்தைப் பிரித்தே பார்க்காதவரும் இதே பதிலைச் சொல்ல முடியும், சொல்கிறார். அக்கறையின்மைக்கு நடுநிலைமை என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. முதல் வழியில் பற்றற்றவன் ஈடுபாடற்றவனாகத் தண்டிக்கப்படுகிறான். இரண்டாவதில் ஈடுபாடற்றவன் பற்றற்றவனாக மரியாதை பெறுகிறான்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொற்கள் ஆதியிலிருந்து ஒழுங்காக இருந்துவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இவை பெரும்பாலும் இன்றைக்கு நேர்மாறாக வழங்கின. டிஸ்இன்டரஸ்டெட் என்றால் அக்கறையற்ற. அன்இன்டரஸ்டெட் என்றால் பாரபட்சமற்ற. 18ஆம் நூற்றாண்டில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. 20ஆம் நூற்றாண்டில் பழைய பொருள் திரும்பத் தலைகாட்டியது. இன்று ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் டிஸ்இன்டரஸ்டெட் என்ற சொல்லை 'சலிப்படைந்த' என்ற பொருளில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அகராதிக்காரர்கள் அதைப் பதிவு செய்கிறார்கள், இலக்கண வாத்தியார்கள் கோபிக்கிறார்கள். வாத்தியார்களின் கோபத்தில் எனக்குப் பங்கில்லை. ஒரு மொழி தன் சொற்களை இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றி வைப்பதற்கு அங்கே இரண்டு இடங்கள் இருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள இன்டரஸ்ட் என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. லத்தீனில் அதன் மூலத்துக்கு 'இடையில் இருப்பது' என்று பொருள். அதிலிருந்து 'சம்பந்தப்படுவது', 'பொருட்படுத்தத் தக்கது' என்று விரிந்தது. மத்திய காலத்தில் கிறிஸ்துவ சபை வட்டி வாங்குவதைப் பாவம் என்று தடுத்திருந்தது. ஆனால் கடன்காரன் தவணை தவறியதால் கொடுத்தவனுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்பதைச் சட்டம் அனுமதித்தது. அந்த ஈட்டுத் தொகைக்கு வழங்கிய லத்தீன் சொல்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் வட்டிக்கே பெயராகிவிட்டது. நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு நாளைக்கு நூறு முறை இந்தச் சொல் என் கண்ணில் படுகிறது. அங்கே அது சதவீதம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு புத்தகத்தைத் திறந்தால் அங்கே அது மனசின் விழிப்பு. ஒரு மனிதனுக்கும் ஒரு பொருளுக்கும் இடையில் இருப்பது பணமாக இருக்கலாம், கவனமாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லும்போது மட்டும் இரண்டாகப் பிரிக்கப் பார்க்கிறது.

பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் இந்தப் பிரிவினை கறாராகவே நடக்கிறது. 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒரு வங்கி தன் இயக்குநருக்கோ, அவர் பங்குதாரராகவோ மேலாளராகவோ சம்பந்தப்பட்டிருக்கும் நிறுவனத்துக்கோ கடன் கொடுக்கக் கூடாது என்கிறது. அவர் யோக்கியரா, கடன் திரும்பி வருமா என்ற விசாரணையே அதில் இல்லை. சம்பந்தம் இருந்தால் கதவு மூடப்பட்டது.

நீதிமன்றம் இன்னும் கொஞ்சம் நுட்பமாகப் பார்க்கிறது. கொலையுண்டவனின் உறவினர் சாட்சி சொன்னால் அது சார்புள்ள சாட்சி, நம்ப வேண்டாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் வழக்கமாக வாதிடுவார்கள். 1953இல் தலிப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உண்மையான குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவனை மாட்டிவிட நெருங்கிய உறவினன் சாதாரணமாக முன்வர மாட்டான் என்றது. 1981இல் ராஜஸ்தான் அரசுக்கும் கல்கி என்ற பெண்ணுக்கும் நடந்த வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. அங்கே சாட்சி, இறந்தவனின் மனைவி. அவள் உறவுடையவள்தான், அதனாலேயே ஆதாயம் தேடுபவள் ஆகிவிட மாட்டாள், வழக்கின் முடிவால் பலன் அடையக்கூடியவரை மட்டுமே அப்படிச் சொல்ல முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் சூழ்நிலைக்கு இந்த இரண்டாவது பார்வைதான் பொருந்தும். சில நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகைகளில் எழுதுகிறோம். எழுதுகிறவனும் படிக்கிறவனும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். எவருடைய கவிதையை எவர் விமர்சித்தாலும், இருவரும் ஒருமுறையாவது ஒரே டீக்கடையில் நின்றிருப்பார்கள், அல்லது ஒரே கூட்டத்தில் சண்டை போட்டிருப்பார்கள். வங்கிச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து சம்பந்தம் உள்ளவர்களையெல்லாம் வெளியே போகச் சொன்னால் அறை காலியாகிவிடும். அதற்குப் பிறகும் உள்ளே இருக்கத் தகுதி பெறுகிறவன் யார்? நவீனக் கவிதை என்ற ஒன்று நடந்துகொண்டிருப்பதே தெரியாதவன், தெரிந்தாலும் அதைப் பற்றிக் கவலைப்படாதவன். பாரபட்சமற்றவனைத் தேடிப் போய் அக்கறையற்றவனைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். பெரிய பத்திரிகைகளின் மதிப்புரைப் பகுதிகள் பல வருஷங்களாக இந்த முறையில்தான் நடந்துவருகின்றன.

ஆகவே பற்றின்மை என்பதை ஒரு விமர்சகனுடைய அந்தஸ்தாக, அவன் எங்கே நிற்கிறான் என்பதாக, எடுத்துக்கொண்டால் நாம் எங்கும் போய்ச் சேர மாட்டோம். படிக்கும்போது அவன் செய்கிற ஒரு காரியமாக அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லை விமர்சனத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் மாத்யூ ஆர்னால்ட். 1864இல் வெளியான, விமர்சனத்தின் பணி பற்றிய கட்டுரையில், நடைமுறை லாபங்களிலிருந்தும் கட்சிகளின் தேவைகளிலிருந்தும் விலகி நிற்பதுதான் விமர்சனத்தின் விதி என்றார். அவருக்கு முன்பே, 1790இல், இம்மானுவேல் காண்ட் அழகைப் பற்றிய தீர்ப்பில் இன்டரஸ்டுக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார். காண்ட் தரும் உதாரணம் ஒரு அரண்மனை. இது அழகாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். ஏழைகளின் வியர்வையில் கட்டியது என்றோ, எனக்கு இப்படிப்பட்ட வீடு தேவையில்லை என்றோ பதில் சொல்லலாம். அதெல்லாம் சரியாகவே இருக்கலாம், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது என்கிறார் காண்ட்.

இந்த இருவரிடமும் விலகல் அழுத்தம் பெறுகிறது. இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் நேராகத் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்குப் போய்த் துலாக்கோலை எடுத்துக்கொள்கிறார்கள். துலாக்கோல் நீதிபதிக்குப் பொருத்தமான படிமம்தான். விமர்சகனுக்கு அது போதாது. தராசுக்குத் தன் தட்டில் இருப்பது அரிசியா தங்கமா என்பதில் அக்கறை இல்லை. அக்கறையில்லாமலே அதனால் சரியாக எடை காட்ட முடியும், ஏனென்றால் எடை தட்டில் உள்ள பொருளிலேயே இருக்கிறது. கவிதை அப்படித் தட்டில் வைக்கும் பொருள் இல்லை. படிக்கிறவனின் மனசு முழுசாக அதில் இறங்காதவரை அங்கே நிறுக்க ஒன்றுமே கிடையாது.

ஆர்னால்டைவிட எனக்கு இந்த விஷயத்தில் உதவுகிறவர் அவருக்கு முந்திய வில்லியம் ஹாஸ்லிட். 1805இல், இருபத்தேழு வயதில், அவர் எழுதிய முதல் புத்தகம் மனிதச் செயல்களின் அடிப்படைகளைப் பற்றியது. மனித மனம் இயல்பிலேயே டிஸ்இன்டரஸ்டெட் என்பது அதன் வாதம். மனிதன் சுயநலமி, அதற்கு மேல் எல்லாம் பூச்சு என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் விசித்திரமானது. என் கடந்த காலத்தை ஞாபகத்தால் அறிகிறேன், நிகழ்காலத்தைப் புலன்களால் அறிகிறேன். ஆனால் நாளைக்கு இருக்கப்போகிற 'நான்' இன்னும் உண்டாகவே இல்லை. அவனுடைய வலியைக் கற்பனையால் மட்டும்தான் தொட முடியும். அடுத்தவனுடைய வலியைத் தொடுவதும் அதே கற்பனைதான். ஆகவே என் நாளைய நலனில் அக்கறை கொள்ள எனக்கு உதவும் சக்தியே பிறர் நலனிலும் அக்கறை கொள்ள வைக்கிறது. இந்தக் கணக்கில் பற்றின்மை என்பது குளிர்ந்து விலகி நிற்பதில்லை. கற்பனை தன் வீட்டு வாசலோடு நின்றுவிடாமல் இருப்பது.

புத்தகம் விற்கவில்லை. ஆனால் கீட்ஸிடம் ஒரு பிரதி இருந்தது. 1818இல் ஹாஸ்லிட்டின் கவிதைச் சொற்பொழிவுகளுக்கும் கீட்ஸ் போயிருக்கிறார். 1819 மார்ச்சில் அமெரிக்காவில் இருந்த தம்பிக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய கடிதத்தில், முழுமையான பற்றின்மை எவ்வளவு அபூர்வம் என்று யோசித்து, தனக்கு ஞாபகம் வருகிறவர்கள் சாக்ரடீஸும் ஏசுவும் மட்டுமே என்கிறார். இருவரும் எதிலும் அக்கறையில்லாமல் ஒதுங்கி இருந்தவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? கீட்ஸ் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் பிடித்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஹாஸ்லிட் தன் கொள்கையை விமர்சனத்திலும் நடத்திக் காட்டினார். அவர் சாந்த சொரூபி அல்ல. பிரெஞ்சுப் புரட்சியைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காதவர். நெப்போலியன் வரலாற்றை நான்கு பாகங்களாக எழுதும் அளவுக்கு அவர் மேல் பிரேமை கொண்டவர். வேர்ட்ஸ்வொர்த் பழைய கொள்கைகளைக் கைவிட்டு, 1813இல் அரசாங்க ஸ்டாம்பு விநியோக உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. சொந்த உறவும் கெட்டுப்போயிருந்தது. ஆனால் 1825இல் வெளியான 'காலத்தின் ஆன்மா' என்ற நூலில் வேர்ட்ஸ்வொர்த்தின் அசலான தன்மையைச் சொல்ல வரும்போது அவருடைய கை நடுங்கவில்லை. அதே நூலில் வால்ட்டர் ஸ்காட்டின் நாவல்களை மனம் திறந்து ரசிக்கிறார், ஸ்காட்டின் அரசியலைக் கடுமையாகச் சாடவும் செய்கிறார். புரட்சியின் பரம எதிரியான எட்மண்ட் பர்க்கை ஒரு பெரிய மனிதர் என்று ஒப்புக்கொள்கிறானா என்பதையே எதிர்க்கட்சிக்காரன் ஒருவனுடைய நேர்மைக்குப் பரீட்சையாக வைத்திருந்தார். கோபத்தை அவர் மறைக்கவில்லை. கோபம் எங்கே முடிகிறது, வாசிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பது பக்கத்திலேயே தெரிகிறது. சம்பந்தம் நிறைய உள்ளவனுக்குத்தான் இது சாத்தியம். வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றிக் கவலைப்படாதவனுக்கு அவரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டிய சந்தர்ப்பமே வந்திருக்காது.

இனி தமிழுக்கு வருகிறேன். டிஸ்இன்டரஸ்டெட் என்பதை நாம் தன்னலமற்ற, சார்பற்ற, நடுநிலையான, பற்றற்ற என்று பலவிதமாக எழுதுகிறோம். 'தன்னலமற்ற' தியாகிகளுக்குப் போய்விட்டது. 'சார்பற்ற' மதச்சார்பின்மையிலும் அணிசாரா நாடுகளிலும் போய் நின்றுவிட்டது. 'நடுநிலை' என்றவுடன் இரண்டு கட்சிகள் எதிரெதிரே வந்துவிடுகின்றன. கவிதைக்கும் வாசகனுக்கும் நடுவில் அப்படி ஒரு இடம் கிடையாது. 'பற்றற்ற' என்பதில் காவி வாசனை அடிக்கிறது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் சரியான சொல் என்று படுகிறது, காவிக்காக இல்லை. பாஸ் புத்தகத்தைப் பாருங்கள். வரவு ஒரு பத்தி, பற்று ஒரு பத்தி. கணக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது பற்று. ஒரு படைப்பாளியின் கணக்கிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாதவன், எடுத்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லாதவன், பற்றற்ற விமர்சகன். முன்னுரை, விருதுக் குழுவில் ஒரு ஓட்டு, பதிலுக்கு ஒரு பாராட்டு, பழைய அவமானத்துக்கு ஒரு பழிவாங்கல், எல்லாமே பற்றுப் பத்தியில் வருகிறவைதான்.

அன்இன்டரஸ்டெட் என்பதற்கு நம்மிடம் உள்ள ஈடுபாடற்ற என்ற சொல்லிலும் ஒரு விசேஷம் உண்டு. சொற்பிறப்பாகச் சொல்லவில்லை, வங்கிக்காரன் காதில் விழுவதைச் சொல்கிறேன். கடனுக்கு வைக்கும் பொருள் ஈடு. ஒரு கவிதையில் ஈடுபடுகிறவன் தன்னிடமிருந்து ஏதோ ஒன்றை அங்கே வைத்துவிடுகிறான். அவனுடைய ரசனை, இதுவரை அவன் சொன்ன அபிப்ராயங்கள், சில சமயம் ஒரு சிநேகிதம், இவற்றில் எதுவும் மூழ்கிப் போகலாம். ஆக, விமர்சகன் எடுத்துக்கொள்வது ஒன்றும் இருக்கக் கூடாது, வைப்பது நிறைய இருக்க வேண்டும். ஆங்கிலத்தின் ஒரே இன்டரஸ்ட் மறைத்துவிடுகிற வித்தியாசத்தைத் தமிழின் இரண்டு சொற்கள் வெளிப்படையாகவே காட்டுகின்றன. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் பற்றை விடுவதற்கே ஒரு பற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. பற்றின்மை என்று எதுவும் கிடையாது, அப்படிச் சொல்லிக்கொள்வதே ஒரு வர்க்கத்தின் தந்திரம் என்பார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் ரசனையைப் பற்றி எழுதிய பெரிய நூலில், தேவைகளிலிருந்து தூரத்தில் இருக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் காண்ட் சொல்கிற மாதிரிப் பார்க்க முடிகிறது என்று காட்டினார். இலக்கிய உலகில் பணத்தை அலட்சியம் செய்வதே ஒரு முதலீடாகி, கௌரவமாகத் திரும்பி வருகிறது என்பதும் அவர் கண்டது. சிறுபத்திரிகைக்காரனுக்கு இது சுடும். கைக்காசைப் போட்டு நஷ்டப்பட்டோம் என்பதைத் தகுதிச் சான்றிதழாக நாம் எத்தனை தடவை நீட்டியிருக்கிறோம்! என் விஷயத்தில், மாதம் தவறாமல் வரும் சம்பளம்தான் எந்தப் பதிப்பாளரையும் அனுசரித்துப் போக வேண்டாத நிலையில் என்னை வைத்திருக்கிறது. ஆர்னால்ட் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்தார். டி. எஸ். எலியட் 1917லிருந்து 1925வரை லாயிட்ஸ் வங்கியில் உத்தியோகம் பார்த்தார். விலகி நிற்பதற்கு யாரோ வாடகை கட்டவேண்டியிருக்கிறது.

ஆட்சேபணையின் இந்தப் பகுதியை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு வரவில்லை. எல்லோருக்கும் ஏதோ பற்று உண்டு என்பதால் எல்லா விமர்சனமும் ஒன்றே என்றால், ஹாஸ்லிட் பர்க்கைப் படித்ததற்கும், கட்சிப் பத்திரிகை எதிர்க்கட்சிக் கவிஞனைக் கிழிப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்றாகும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. தராசு முழுக்கச் சரியாக இல்லை என்பதால் யாரும் கடையில் கைக்கணக்கில் அரிசி வாங்குவதில்லை.

வித்தியாசத்தை எப்படிச் சோதிப்பது? விமர்சகனின் மனசைத் திறந்து பார்க்க முடியாது, தேவையும் இல்லை. அவன் எழுதியதைப் பார்க்கலாம். க.நா.சு.வின் பட்டியல்களை வைத்து நடந்த சச்சரவுகளில் அவர் ஒருசார்பாகப் போட்டாரா இல்லையா என்பதே பேச்சாக இருந்தது. பட்டியல் என்ற வடிவத்தில் அதைத் தீர்மானிக்கவே வழியில்லை. அது கூட்டுத்தொகை மட்டும் காட்டும் கணக்கு. எந்தப் பதிவிலிருந்து இந்தத் தொகை வந்தது என்று வாசகன் சரிபார்க்க முடியாது. அந்தக் கால நிர்ப்பந்தங்களில் அவருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். நமக்கு அந்தச் சமாதானம் கிடையாது. கவிதையின் எந்த இடத்தில் எனக்கு என்ன நேர்ந்தது, எந்தச் சொல்லில் கவிதை தளர்ந்தது என்று பதிவுகளைக் காட்டி எழுதினால், நான் அந்தக் கவிஞனின் சிநேகிதனா விரோதியா என்பது இரண்டாம் பட்சமாகிவிடும். வாசகன் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வான். சிநேகிதனாக இருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம். உறவு குற்றமில்லை.

மௌனத்தைத்தான் இப்படிச் சோதிக்க முடியாது. அதில் பதிவுகளே இல்லை. நல்ல தொகுதி ஒன்று வந்து, ஒருவரும் எழுதாமல், எழுதியவன் இரண்டு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததைக் கொண்டுவராமலே விட்டுவிடுவது நம் மத்தியில் நடக்கிறது. கடுமையான விமர்சனம் அவனை நிறுத்தியிருக்காது. கோபத்திலாவது இன்னும் பத்துக் கவிதை எழுதியிருப்பான். அவனை நிறுத்தியது, எந்தக் கோஷ்டியிலும் சேராத நம் எல்லோருடைய சுத்தமான கை. இந்த இடத்துக்கு ஆங்கிலத்தின் இரண்டு சொற்களில் எது பொருந்தும் என்று அவரவர் தேர்ந்துகொள்ளலாம்.